‘வயசானா அப்படித்தான்’ என்று திருப்பி அனுப்பப்படும் பெண்கள்

கேள்வி: நகரத்தின் நெரிசலான குடியிருப்பு ஒன்றில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். எல்லாம் ஒற்றை அறை வீடுகள். சில தகரக் கூரை, சில கான்கிரீட் தளம். கழிப்பறை பொது. என் பொறுப்பில் உள்ள வீடுகளில் 42 முதல் 58 வயதுக்குள் 60 பெண்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை, வீட்டிலிருந்தே தையல் என்று பிழைப்பு. தூக்கமில்லை, உடம்பு காந்துகிறது, மூட்டு வலி, சிறுநீர் எரிச்சல், எதற்கெடுத்தாலும் கோபம் என்கிறார்கள். டாக்டரிடம் போனால் ‘வயசானா அப்படித்தான்’ என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்து வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளை வைத்துக் கணக்கெடுத்து, அதைக் காட்டி உதவி கேட்கலாம் என்று நினைக்கிறோம். 29 கேள்விகள் கொண்ட ஒன்று கிடைத்தது, அது சரிதானா? கையில் காசில்லாதவர்களுக்கு என்னதான் செய்ய முடியும்? ஹார்மோன் மாத்திரை புற்றுநோய் தரும் என்பது உண்மையா? இன்னொன்று, 53 வயது அக்கா ஒருவருக்கு மாதவிடாய் நின்று 2 வருடம் கழித்துப் போன வாரம் லேசாக இரத்தம் பட்டதாம். ‘திரும்ப வந்திருக்கு, உடம்புக்கு நல்லது’ என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ‘திரும்ப வருவது’ என்று ஒன்று கிடையாது. ஒரு சொட்டுப் பட்டாலும், வெறும் பழுப்புக் கறையாக இருந்தாலும், ஒரே நாளில் நின்றுவிட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்படிப் பட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் புற்றுநோயாக இருக்காது. பிறப்புறுப்பின் சுவர் மெலிந்து உலர்ந்திருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கண்டவர்களைக் கேட்டால், 10-ல் 9 பேருக்கு முதலில் தெரிந்தது இந்தக் கறைதான். ஆரம்பத்திலேயே குரல் கொடுக்கிற புற்றுநோய் அது. அப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியவை மூன்று. கருப்பை வாயை விளக்கு வைத்து நேரில் பார்ப்பது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனை அளப்பது. தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது மறுபடியும் பட்டால், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. மூன்றில் எதுவுமே நடக்காமல் இரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால், வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முகாம்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, கருப்பை வாயில் வினிகர் போன்ற திரவம் தடவிப் பார்க்கும் சோதனை செய்வார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது சரிவராது. பார்க்க வேண்டிய பகுதி அந்த வயதில் உள்ளே ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ‘பார்த்தோம், ஒன்றுமில்லை’ என்று எழுதித் தந்தாலும் அதை நம்பி இருக்க முடியாது. இவர்களுக்கு ஏற்றது, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனை. பெண்ணே தனியாகப் போய் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் அதில் இருக்கிறது.

இனி அந்த ‘வயசானா அப்படித்தான்’. நீங்கள் எழுதியுள்ள தொல்லைகளில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வருவதுதான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வேறு நோய்கள் சௌகரியமாக ஒளிந்துகொள்கின்றன, அதுவும் நெரிசலான குடியிருப்பில். இரவு வியர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடு நெஞ்சிலோ கழுத்திலோ தொடங்கிக் குப்பென்று முகத்துக்கு ஏறும், 1 முதல் 5 நிமிடத்தில் அடங்கும், வியர்க்கும், பிறகு சில்லென்று குளிரும். நாள் முழுக்க இருக்காது, காய்ச்சல் காட்டாது, எடையைக் குறைக்காது. இரவு வியர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம், 2 வாரத்துக்கு மேல் இருமல் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் முதலில் சளிப் பரிசோதனை. காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஹார்மோன் பேச்சு. சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் படுத்தால், நடுராத்திரி வியர்த்து நடுங்கி எழுவது சர்க்கரை இறங்கியதால் இருக்கலாம். அந்த நேரத்தில் அளந்து 70-க்குக் கீழே இருந்தால் மாத்திரையின் அளவைத்தான் திருத்த வேண்டும். அளக்கக் கருவி இல்லையா, உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிட்டால் அதுவே ஒரு தடயம்.

எப்போதும் படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் மெலிவது என்றால் தைராய்டு கூடுதல்; சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்றால் தைராய்டு குறைவு. இரண்டுக்கும் டி.எஸ்.எச். என்ற ஒரே இரத்தப் பரிசோதனை போதும். வியர்வையோடு நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ அழுத்தம் வந்து சில நிமிடங்களில் போகவில்லை என்றால் யோசிக்காமல் அவசரப் பிரிவு. சூடேறுகிறதென்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்து மாரடைப்பைத் தவறவிடும் வயதும் இதுதான்.

ஒரு வயது எல்லையும் மனதில் இருக்கட்டும். 45-லிருந்து 55-க்குள் நிற்பது இயல்பு. 45-க்கு முன்பே நின்றால் ‘சீக்கிரம் தொல்லை விட்டது’ என்று விடக் கூடாது. எலும்பும் இதயமும் அத்தனை வருடம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் காவலை இழக்கின்றன. 40-க்கு முன்பே நின்றவர், அல்லது சினைப்பைகளை எடுத்துவிட்டவர், மருந்து எடுக்கக் கூடாத காரணம் ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் எடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. உங்கள் 60 பேரில் கருப்பையை எடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் சினைப்பையும் போனது யாருக்கு என்று தனியாகக் குறியுங்கள். பலருக்கு எது எடுக்கப்பட்டது என்றே தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டு பெட்டிக்குள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

கேள்வித்தாள் விஷயம். உங்களுக்குக் கிடைத்தது மென்கால் என்று நினைக்கிறேன். 1996-ல் கனடாவில் உருவானது. வெப்பத் தொல்லை 3, மனநிலை 7, உடல் 16, தாம்பத்தியம் 3, ஆக 29 கேள்விகள். ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. குழாயடியில் வரிசையில் நிற்கிற பெண்ணிடம் 29 கேள்வி கேட்டால் பத்தாவது கேள்விக்கு மேல் எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ வரும், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்ல’ வரும். உங்களுக்கு எம்.ஆர்.எஸ். என்ற 11 கேள்விப் பட்டியல் போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 44. கூட்டினால் 4 வரை தொல்லை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 5 முதல் 8 லேசானது. 9 முதல் 16 நடுத்தரம். 17-ம் அதற்கு மேலும் கடுமை. 17-ஐ எட்டியவர்களை முதலில் அனுப்புங்கள்.

எந்தத் தாளானாலும் தவறு நேர்வது கேட்கிற விதத்தில்தான். ‘வெப்ப அலை வருகிறதா?’ என்று கேட்டால் வெயிலைப் பற்றிச் சொல்வார்கள். ‘திடீர்னு குப்புனு சூடு ஏறி வேர்த்துக் கொட்டுதா?’ என்று கேளுங்கள். ‘மனச்சோர்வு உண்டா?’ என்பதற்குப் பதில் வராது. ‘எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா?’ என்றால் வரும். சிறுநீர், தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை மாமியாரோ மருமகளோ மகனோ இருக்கும் அறையில் கேட்டால் எல்லாருமே 0 தான். அந்த 0-வைக் கூட்டிச் சராசரி எடுத்து ‘எங்கள் பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை’ என்று அறிக்கை எழுதினால், கணக்கெடுக்காமலே இருந்திருக்கலாம். நடந்துகொண்டே கேளுங்கள், கழிப்பறைக்கும் வேலைக்கும் போகிற வழிதான் அவர்களுக்குக் கிடைக்கிற தனிமை. கணவர் இல்லாதவர் தாம்பத்தியக் கேள்விக்கு 0 சொன்னால் அதை ‘பொருந்தாது’ என்று தனியே எழுதுங்கள்.

இந்தத் தாள்கள் கேட்காத கேள்வி ஒன்றை நீங்களே சேருங்கள்: ‘இதனால எந்த வேலை நின்னுபோச்சு?’ கடந்த மாதம் எத்தனை நாள் கூலி போனது, எந்த வீட்டு வேலையை விட்டார், எந்தச் சுமையைத் தூக்க முடியவில்லை. உதவி கேட்டுப் போகும்போது 19 என்ற மதிப்பெண்ணைவிட ‘மாதம் 4 நாள் கூலி இழப்பு’ என்ற வரிதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் புரியும்.

சரி, காசில்லாமல் என்ன செய்வது? அதற்கு முதலில் அந்தச் சூடு ஏன் ஏறுகிறது என்று தெரிய வேண்டும். மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வியர்க்கத் தொடங்கும் வெப்பத்துக்கும் நடுங்கத் தொடங்கும் வெப்பத்துக்கும் நடுவே அது ஒரு சிறிய இடைவெளி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது, தொல்லை உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. முன்பு உடம்பு கண்டுகொள்ளாத துளி வெப்பம்கூட இப்போது மணியடித்து வியர்வையைத் திறந்துவிடும். நல்ல காற்றோட்டமான வீட்டில் அந்தத் துளி வெப்பம் எப்போதாவதுதான் வரும். ஐந்து பேர் படுத்து, ஓரத்தில் அடுப்பு எரிந்து ஓய்ந்த ஒற்றை அறையில் அது ராத்திரி முழுக்கக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அதே ஹார்மோன்தான், அறைதான் வேறு.

ஆகவே கூரையைப் பாருங்கள். தகரம் பகலில் சுட்டெரிக்கும், இருட்டியதும் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் பகலில் வீட்டிலேயே தைக்கிற பெண் மாட்டிக்கொள்கிறார். கான்கிரீட் தளம் நேர்மாறு. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நடுராத்திரி வரை கக்கும். அங்கே மாட்டுவது படுக்கிறவர். மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்தால் இரண்டு வகையிலும் உள்ளே சில டிகிரி இறங்கும். அழுக்குப் படிந்தால் பயன் போய்விடும், கோடைக்கு முன் கழுவ வேண்டும். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டி அல்லது அட்டை கட்டினால் தலைமேல் அனல் நேராக இறங்காது. ஆனால் அடுப்புக்கு நேர் மேலே கட்டாதீர்கள், தீப்பிடிக்கும். இரவுச் சமையலைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுவது செலவே இல்லாத காரியம். வியர்க்கிறவரின் இடம் கதவோரம் அல்லது ஜன்னலோரம் இருக்கட்டும். வழக்கமாக அவர்தான் உள்மூலையில் படுத்திருப்பார். நைலான் நைட்டிக்குப் பதில் பழைய பருத்திப் புடவை அல்லது சட்டை, தலைமாட்டில் மாற்று ஜாக்கெட், ஒரு ஈரத் துண்டு. விசிறி 40 டிகிரிக்குக் கீழே உள்ள வெப்பத்தில்தான் உதவும். அதற்கு மேல் போனால் அனலைத்தான் உடம்பில் அடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் சூடேறும் தடவைகளைக் குறைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. விழித்தவர் நனைந்த துணியை மாற்றிப் பத்து நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட முடிகிறதா, விடியும்வரை புரள்கிறாரா என்பதில்தான் வித்தியாசம். எனக்குத் தெரிந்தவரை எரிச்சல், மறதி, ‘சின்ன விஷயத்துக்குக் கத்திட்டேன்’ எல்லாவற்றுக்கும் வேர் பெரும்பாலும் இந்தத் தூக்கம்தான். அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஸ்வான் என்ற ஆய்வில் இந்தச் சூட்டுத் தொல்லை பாதிப் பேருக்கு 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ‘ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ’ என்று சொல்லக் கூடிய காலமல்ல அது.

அடுத்தது சிறுநீர். உங்கள் பட்டியலில் நடுவில் ஒளிந்திருக்கிறது. என் பட்டியலில் மேலே வைப்பேன். காலை வேலைக்குக் கிளம்பும் பெண் தண்ணீர் குடிப்பதில்லை, ஏனென்றால் வேலை செய்யும் வீட்டில் கழிப்பறை கேட்க முடியாது. இரவில் குடிப்பதில்லை, ஏனென்றால் சந்து இருட்டு. நாளெல்லாம் மஞ்சளாக அடர்ந்த சிறுநீர், ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்துபோன சிறுநீர்க் குழாயில் எரிகிறது. எரிகிறதே என்று இன்னும் குறைவாகக் குடிக்கிறார். சூடேறுவது வருடங்கள் போனால் தணியும். இந்த உலர்வும் எரிச்சலும் தானாகத் தணியாது, வருடம் ஏற ஏறக் கூடும். இதைச் சொல்லாததால்தான் பலர் ‘போகட்டும், சரியாகிவிடும்’ என்று காத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர், வெயிலில் வேலை என்றால் அதற்கு மேல், பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் குடித்துவிடட்டும். (இதயம், சிறுநீரகக் கோளாறால் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் விதிவிலக்கு.) அடையாளம் நிறம்தான், வெளிர் மஞ்சளுக்கு வர வேண்டும். இரவுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று திரைக்குப் பின்னால் இருந்தால் சந்துக்குப் போக வேண்டாம். நோயாளிக்கு வைப்பதுதானே என்று கூசுவார்கள், நீங்கள்தான் பேசி வைக்க வேண்டும். உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ‘நாத்தம் போகட்டும்’ என்று செய்வது எரிச்சலை இரட்டிப்பாக்கும். காய்ச்சல், விலா வலி, சிறுநீரில் இரத்தம் மூன்றில் ஒன்று இருந்தால் அன்றே பரிசோதனை.

6 மாதத்தில் 2 தடவை அல்லது வருடத்தில் 3 தடவை கிருமித் தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக்கொண்டே போவது பாதி வைத்தியம். பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் கேட்கச் சொல்லுங்கள்: முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரம் 2 தடவை. டாக்டர் சொல்லும் அளவு பெரும்பாலும் அரை கிராம்தான். ஒரு டியூப் வெகு நாள் வரும். இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. படுக்கும்போது வைக்கச் சொல்வது வெளியே வழியாமல் இருக்கத்தான். ஒற்றை அறையில் அந்தத் தனிமை இல்லாவிட்டால் குளித்து முடித்ததும் வைத்துக்கொள்ளலாம். 2 வாரத்தில் ‘ஒன்றும் ஆகலை’ என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் மட்டும் தன் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

தாம்பத்திய வலிக்கும் இதுதான் மருந்து. அதுவரை நீர் அடிப்படையிலான ஜெல். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெய், வாசலின் தடவக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். ‘வலிக்குது’ என்பதைக் கணவர் ‘இஷ்டமில்லை’ என்று எடுத்துக்கொண்டு வீட்டில் அடிதடி வரை போவதுண்டு. இது உடலில் ஏற்படும் உலர்வு, மனசு மாறியதால் அல்ல என்று ஆண்கள் கூட்டத்தில் ஒருவர் எடுத்துச் சொல்வது பல கிரீம்களைவிடப் பயன் தரும்.

இருமினால், சுமை தூக்கினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு இடுப்படித் தசைப் பயிற்சி. காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றிச் சுருக்கி மேலே இழுக்க வேண்டும். 3 விநாடி பிடித்து விட வேண்டும். வாரங்கள் போகப் போக 10 விநாடி வரை கூட்டலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம். வயிற்றை உள்ளிழுப்பதும், மூச்சைப் பிடிப்பதும், பிட்டத்தை இறுக்குவதும்தான் பெரும்பாலோர் செய்கிற பிழை. பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம்.

ஹார்மோன் மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். பயம் கிளம்பியது 2002-ல், அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டபோது. ஈஸ்ட்ரோஜனும், கருப்பை உட்சுவரைக் காக்கத் தரும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. எண் உண்மை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. தொல்லை உச்சத்தில் இருக்கும் 50 வயதுக்காரர்கள் சிறுபான்மை. கருப்பை எடுத்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவும் இல்லை. இன்றைய நிலை இது: 60 வயதுக்குக் கீழே, அல்லது நின்று 10 வருடத்துக்குள், கடுமையான தொல்லை உள்ள, வேறு தடை இல்லாத பெண்ணுக்கு நன்மையே அதிகம். தடைகள்: மார்பகப் புற்றுநோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு, காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தது, பக்கவாதம், மாரடைப்பு, முற்றிய கல்லீரல் நோய். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

உங்கள் இடத்தில் எனக்கு உள்ள உண்மையான பயம் வேறு: பக்கத்து வீட்டு மாத்திரை. கருப்பை எடுத்த பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எழுதியிருப்பார்கள். ‘எனக்கு நல்லா கேக்குது’ என்று கருப்பை உள்ள தோழிக்கு அதில் பாதியைக் கொடுத்தால், தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவரை வளர்த்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கருப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்டின் சேர்ந்தே தீர வேண்டும். தொடங்கி 3 மாதத்தில் ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை பார்க்கும் டாக்டர் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

ஹார்மோன் முடியாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிறிய அளவில் சூட்டுத் தொல்லையைக் குறைக்கும். ‘பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரை’ என்று பார்மசியில் யாராவது சொல்லப் பயந்து நிறுத்துவார்கள். எதற்காகத் தருகிறார்கள் என்பதை முன்பே சொல்லிவையுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவருக்குப் பராக்செட்டின் ஆகாது. கபாபென்டின் இரவில் தருவார்கள், தூக்கத்துக்கும் உதவும். ஆனால் காலையில் தலைசுற்றும். சாரத்தில் ஏறிக் கட்டட வேலை செய்கிறவர் என்று டாக்டரிடம் சொல்லாமல் அதை வாங்கி வரக் கூடாது. ‘ஹார்மோன் பவுடர்’, ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் வகையறாவில் காசு போட வேண்டாம். காசே இல்லாமல் பலன் தருவது எண்ணங்களைக் கையாளும் குழுப் பயிற்சி. பிரிட்டனில் 2012-ல் வெளியான ஆய்வில் 4 வாரக் குழு அமர்வும், புத்தகத்தை வைத்துத் தானே செய்ததும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. தடவைகள் அவ்வளவாகக் குறையவில்லை. அது படுத்திய பாடு குறைந்தது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் கிடைத்தால் உங்கள் குழுவிலேயே நடத்தலாம்.

மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களும் உங்கள் பட்டியலில் பலர் இருப்பார்கள். சுழற்சி தப்பித் தப்பி வருவது இயல்பு; 7 நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கு ஒரு பேட் நனைவது, பெரிய கட்டியாக விழுவது இயல்பல்ல. இவர்களுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள்: 12-க்குக் கீழே சோகை, 8-க்குக் கீழே கடுமை, உடனே அனுப்ப வேண்டும். ‘களைப்பு’ என்று வருகிற பலருக்கு விடை இங்கேதான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரை மூன்றோடும் சேர்க்காமல் 2 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் உடம்பு நன்றாகவே உறிஞ்சும், வயிற்றுத் தொல்லையும் குறையும். மலம் கறுப்பதைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள், அது சகஜம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் 3 மாதம் தொடர வேண்டும். அதிக இரத்தப்போக்குக்கு உடனே கருப்பையை எடுக்கச் சொன்னால், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவி இரண்டையும் முயன்றாகிவிட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள். கூடவே கருத்தடையும்: 50-க்கு மேல் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 1 வருடம், 50-க்கு முன் நின்றால் 2 வருடம் வரை தேவை. 3 மாதம் வரவில்லை என்று கருத்தடையை விட்டு 46 வயதில் கர்ப்பமாகிறவர்கள் உண்டு.

எலும்புக்குச் சுருக்கமாக: கால்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 250 மில்லியில், ஏறக்குறைய 300. மாத்திரை அட்டையில் ‘கால்சியம் கார்பனேட் 1,250’ என்று இருந்தால் அதில் கால்சியம் 500தான். சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இவர்கள் தினமும் சுமக்கிறார்களே, எலும்பு பலமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். முன்னால் குனிந்து 20 லிட்டர் கேனைத் தூக்குவது முதுகெலும்பு நசுங்க வழி. 10, 10 ஆகப் பிரித்து, முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டித் தூக்கட்டும்.

மனநிலைக்கு இரண்டே கேள்வி. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போய் இருந்ததா? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். அவர்களிடம் ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியே விடாமல் நீங்களே கூட்டிப்போங்கள்.

‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லிவிடும் டாக்டருக்கு எதிரே இருப்பது 3 நிமிடம், ‘உடம்பே சரியில்ல’ என்ற ஒரே வரி. அதனால் வெறுங்கையோடு யாரையும் அனுப்பாதீர்கள். அரைத் தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: ‘வயது 49. கடைசி மாதவிடாய் 5 மாதம் முன்பு. கருப்பை, சினைப்பை உள்ளன. இரவு 4 முறை வியர்த்து விழிப்பு, 7 மாதமாக. இருமல், காய்ச்சல், எடை இழப்பு இல்லை. 6 மாதத்தில் 3 முறை சிறுநீர் எரிச்சல், மருந்துச் சீட்டுகள் இணைப்பு. இரத்த அழுத்தம் இரண்டு வேறு நாட்களில் 150/94, 148/92. எம்.ஆர்.எஸ். 21. மாதம் 4 நாள் கூலி இழப்பு. சாப்பிடும் மாத்திரைகள்: சர்க்கரைக்கு ஒன்று. கேட்பது: ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை, சிறுநீர் கல்ச்சர். இரத்த அழுத்தத்துக்கும் இரவு வியர்வைக்கும் சிகிச்சை.’ தேதி போட்டு, அதே தாளின் நகலை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அந்த 53 வயது அக்காவின் தாளை மட்டும் இன்றைக்கே எழுதுங்கள்.